கேபிள்காரர் வண்டியை எடுத்த பிறகு

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில், சாலையை ஒட்டிய தென்னந்தோப்பில் இருக்கிறது அப்பாவின் வீடு. தோப்பு வாசலில் "தென்னங்கன்று கிடைக்கும்" என்று எழுதிய தகரப் பலகையும், அதன் கீழே பேருந்தில் போகிறவர்களுக்கும் தெரியும்படி சிவப்புப் பெயிண்டில் எழுதிய அப்பாவின் செல் நம்பரும் பல வருடங்களாகத் தொங்குகின்றன. சென்ற வருடம் அந்த வீட்டில், டிவிக்கு வரும் கேபிளிலேயே இணையமும் எடுத்தோம். மோடமும் வைஃபையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கருவி அது, கேட்வே என்பார்கள். பொருத்த வந்த கேபிள்காரர் வைஃபை வேலையைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, "பாஸ்வேர்டு உங்க செல் நம்பரேதானுங்க, மறக்கவே மாட்டீங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தார். நாங்கள் மறக்கவில்லை என்பது உண்மைதான். வாசல் பலகையைப் பார்த்த பிறரும் மறக்கவில்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பு கம்பியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டிக்கு வீதிப் பக்கம் ஒரு வாசலும் வீட்டுப் பக்கம் ஒரு வாசலும் உண்டு; வீதிப் பக்கத்து வாசல் கேபிள் நிறுவனத்தின் ஆளுகையில் இருப்பது. கோஆக்சியல் என்னும் டிவி கேபிள் கம்பியில் இணையத்தை அனுப்புவதற்கான டாக்சிஸ் என்ற விதிமுறை 1997-இல் வெளிவந்தது. 2006-இல் வந்த அதன் 3.0 பதிப்பையும் 2013-இல் வந்த 3.1 பதிப்பையும்தான் வீட்டு மோடம்களில் பெரும்பாலும் பார்க்கிறோம். கரண்ட் வந்தவுடன் மோடம் முதலில் கம்பியில் இறங்கி வரும் அலைவரிசையைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு தன் குரல் நிறுவனத்தின் கருவிக்கு எட்டுகிறதா என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறது. எட்டியதும், தன் அடியில் ஒட்டியிருக்கும் மேக் எண்ணை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணைச் சொல்லி, நாம் எடுத்திருக்கும் திட்டத்துக்கு எவ்வளவு வேகம் என்று எழுதிய கோப்பை வாங்கிக்கொள்கிறது. முன்பக்க விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்டி நிலைப்பது இந்த வரிசையைத்தான் காட்டுகிறது என்பதால், எந்த விளக்கு நிற்காமல் சிமிட்டுகிறது என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்பது பாதி விளங்கிவிடும்.

எங்கள் வீட்டில் முதல் நாள் முழுவதும், மேலே அனுப்பும் வழிக்கான இரண்டாவது விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மாடி டிவியில் படம் தெளிவாக இல்லை என்று எப்போதோ ஒரு காலத்தில் சன்ஷேடுக்கு அடியில் மாட்டிய பூஸ்டர்தான் காரணம். அந்தப் பழைய பூஸ்டர் இறங்கி வரும் சிக்னலை மட்டும் பெருக்கும். மோடம் 65 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே திருப்பி அனுப்பும் சிக்னலுக்கு அது பூட்டிய கதவு. மறுநாள் கேபிள்காரர் வந்து அதைக் கழற்றியதும் விளக்கு சிமிட்டாமல் நிலைத்தது. அதோடு ஸ்ப்ளிட்டரையும் பார்த்தோம். இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டரைத் தாண்டும்போதே சுமார் 3.5 டெசிபல், அதாவது பாதிக்கு மேல் சக்தி போய்விடுகிறது. எங்கள் வீட்டில் இரண்டு ஸ்ப்ளிட்டர்களைத் தாண்டிய பிறகுதான் மோடத்துக்கு முறை வந்தது. கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பிரித்து, ஒரு கையை நேராக மோடத்துக்கும் மறு கையை டிவிகளுக்கும் கொடுத்த பிறகுதான் இணைப்பு ஒரு நிலைக்கு வந்தது.

பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் பெரும்பாலான கேபிள் மோடம்கள் தங்கள் சிக்னல் நிலவரத்தைக் காட்டிவிடும். இறங்கு சிக்னலின் அளவு −7 முதல் +7 டிபிஎம்விக்குள் (சிக்னல் வலிமையின் அலகு அது) இருந்தால் கவலையில்லை. எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் இந்தப் பக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, தென்னை மரத்துக்கு மரம் கட்டி இழுத்திருக்கும் கேபிளை நாள் முழுக்க ஆட்டுகிறது. முனையில் இருக்கும் கனெக்டர் தளர்கிறது. சாரல் உள்ளே இறங்கிச் செம்பு பச்சை பூக்கிறது. நெட் மெதுவாக இருக்கிறது என்று நிறுவனத்துக்குப் போன் செய்வதற்கு முன்பு, கனெக்டரைக் கையால் திருகி இறுக்கிப் பார்ப்பது நல்லது. சித்திரை வைகாசியில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் கோஆக்சியல் கம்பியைப் பிடுங்க மறந்துவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். நுழைவிடத்தில் கம்பியின் மேலுறைக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். அப்படிக் கொடுத்திருந்தாலும் மழை இருட்டிக்கொண்டு வரும்போது கம்பியைக் கழற்றிவைப்பதுதான் எங்கள் வழக்கம்.

இனி வீட்டுப் பக்கம். மாலை ஆறு மணிக்கு மேல் வேகம் படுத்துவிடுகிறது என்று அம்மா சொன்னதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்வேயின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் இருப்பவை மூன்று செல்போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, கேமரா படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர், ஆக ஆறு. பட்டியலில் பதினேழு இருந்தன. வாசலுக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. சாயங்காலமானால் பையன்கள் ஆளுக்கொரு டீயோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வைஃபையின் பெயராக அப்பாவின் பெயரையே கேபிள்காரர் வைத்திருந்தார்; பாஸ்வேர்டு பலகையில் இருந்தது. யாரோ ஒருவன் அடித்துப் பார்த்திருக்கிறான், கதவு திறந்திருக்கிறது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

அப்பாவோ, "தண்ணியா கரண்ட்டா, கொடுத்தா என்ன குறைஞ்சு போகுது?" என்றார். குறைவதைப் பற்றிய கவலை எனக்கும் இல்லை. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு செய்தி நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சலைத் தேடிக்கொண்டு போன போலீசார், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றார்கள். அவருடைய பூட்டாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். நம் இணைப்பிலிருந்து போகும் எதற்கும் முதலில் கேட்கப்படுவது நம் முகவரிதான் என்று அந்தக் கதையைச் சொன்ன பிறகு அப்பா, "சரி கண்ணு, மாத்திப்போடு" என்றார்.

மாற்ற வேண்டிய சாவிகள் இரண்டு. பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வைஃபையில் சேருவதற்கான பாஸ்வேர்டு ஒன்று, கேட்வேயின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைவதற்கான பாஸ்வேர்டு வேறொன்று. இரண்டாவதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், ஏனென்றால் அது எல்லாக் கதவுகளுக்கும் பொதுச் சாவி. எங்கள் பெட்டியில் அது "அட்மின்" என்றே இருந்தது. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும் ரூட்டர்களிலும் தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் சில மணி நேரம் எட்டாமல் போனதற்கு அதுவே காரணம்.

வைஃபை பாஸ்வேர்டாகச் செல் நம்பரை வைப்பது பலகை இல்லாத வீட்டிலும் ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டுச் செல் எண் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கிப் பத்து இலக்கம் கொண்டது. எனவே அதிகபட்சம் 400 கோடி எண்கள்தான் இருக்க முடியும். நம் போன் வைஃபையில் சேரும் கணத்தில் காற்றில் போய்வரும் செய்திகளை ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு நம் வீட்டுப் பக்கமே வராமல் தன் கணினியில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். விளையாட்டுக்கு வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குச் சுமார் 10 லட்சம் பாஸ்வேர்டுகளை அப்படிச் சோதிக்கும். 400 கோடிக்கு 4,000 நொடி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அப்பா அடுத்ததாகச் சொன்னது மாசாணியம்மன் பெயரோடு 123. ஆனைமலை வட்டாரத்தில் அதை ஊகிக்கக் கணினியே தேவையில்லை என்று சொல்லி, ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினேன். உலக்கை, ரயில், கொள்ளு, சன்னல் என்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். இருபதைத் தாண்டினால் எனக்கு நிம்மதி. அம்மாவுக்கு அது செல் நம்பரைவிட எளிதாக மனப்பாடம் ஆகிவிட்டது.

பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் டபிள்யூஇபி என்று இருந்தால் அந்தப் பெட்டியையே மாற்றச் சொல்லுங்கள். 2007-இலேயே அதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 குறைந்தபட்சம் வேண்டும். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால், பிடித்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் மேற்சொன்ன வித்தை பலிக்காது. ஆனால் எங்கள் டிவி அதில் சேர மறுத்ததால், இரண்டும் கலந்த முறையில் விட்டிருக்கிறேன்.

பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை உடனே நிறுத்தினேன். பொத்தானால் வரும் ஆபத்து சிறிது. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் எட்டு இலக்க எண்தான் பெரிய ஓட்டை. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று நினைப்போம். அந்த எண்ணை நான்கு நான்காக இரண்டு துண்டாக்கி, முதல் துண்டு சரியா தவறா என்பதைக் கருவியே சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளக்கூடியது. ஆக 10,000 முயற்சியும் மேலே 1,000 முயற்சியும் போதும். 2011 டிசம்பரில் இது வெளியான பிறகும் இந்த வசதி பல பெட்டிகளில் திறந்தே வருவது எனக்கு விளங்காத விஷயம்.

வைஃபை பெயரை மறைத்து வைக்கச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். தேடத் தெரிந்தவருக்கு அது மறைவே அல்ல, நமக்குத்தான் தொல்லை. ஆள் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத ஒரு பெயர் இருந்தால் போதும்.

நான் உண்மையில் பயந்தது டிவிஆரைப் பார்த்தபோதுதான். தேங்காய்க் களத்தைச் செல்போனில் பார்ப்பதற்காகக் கேமரா பொருத்த வந்தவர், வெளியிலிருந்து நேராக டிவிஆருக்கு வரும்படி கேட்வேயில் ஒரு போர்ட்டை, அதாவது ஒரு தனி வழியைத் திறந்து வைத்திருந்தார். டிவிஆரின் பாஸ்வேர்டு தொழிற்சாலையில் வைத்ததே. பேக்கரிப் பையன்கள் எங்கள் இணையத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான். இந்த வழியாக உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எங்கள் களத்தைப் பார்த்திருக்கலாம். அந்த போர்ட்டை மூடினேன். கருவிகள் தாங்களாகவே கதவு திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை அணைத்தேன். வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்துக்கு வரும் வசதியையும் அணைத்தேன். டிவிஆரையும் டிவியையும், அதே பெட்டி வேறு பெயரில் தனியாகப் பிரித்துத் தரும் விருந்தினர் வைஃபைக்கு மாற்றிவிட்டதால், அவற்றில் யாராவது புகுந்தாலும் லேப்டாப் இருக்கும் பக்கம் வர முடியாது. பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் அந்தப் பெயரைத்தான் கொடுக்கிறோம்.

என் கைக்கு எட்டாதது ஒன்று உண்டு. மற்ற ரூட்டர்களைப் போல கேபிள் மோடத்தின் உள்நிரலை நாமே புதுப்பித்துக்கொள்ள முடியாது; நிறுவனம் கம்பி வழியாக அனுப்பினால்தான் உண்டு. 2020 ஜனவரியில் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட கேபிள் ஹான்ட் என்ற ஓட்டை, பிராட்காம் சில்லு கொண்ட பல கேபிள் மோடம்களில், அலைவரிசையைக் காட்டும் உள் கருவி ஒன்றில் இருந்தது. வீட்டில் ஒருவர் தீய வலைப்பக்கம் ஒன்றைத் திறந்தாலே அதன் வழியாக மோடத்தைப் பிடித்துவிடலாம். அதை அடைக்க நிறுவனங்களைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. உள்நிரலின் பதிப்பைக் குறித்துக்கொண்டு, புதியது எப்போது வரும் என்று எங்கள் நிறுவனத்தை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். எதிர்முனையில் இருந்தவர் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்.

பெட்டியை வைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். டிவிக்குப் பின்னால் இருந்ததை எடுத்து, தொட்டிக்கட்டு வீட்டின் நடுவாசலைப் பார்த்த மாடத்தில் வைத்தேன். பழைய மண்சுவரைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலை போகவே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் திணறிப் போகிறது. சாலைப் பக்கம் சிக்னல் குறைந்தது தானாக வந்த லாபம்.

எல்லாவற்றையும் அப்பாவின் தேங்காய்க் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, கேட்வேயின் அமைப்புகளையும் லேப்டாப்பில் கோப்பாகச் சேமித்தேன். அது இந்த ஆடியில் உதவியது. காற்றில் கேபிள் அறுந்து, சரிசெய்ய வந்த கேபிள்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியின் பின்னால் இருக்கும் சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்தியிருக்கிறார். அந்தத் துளையை அழுத்தினால் நாம் செய்தது அத்தனையும் அழிந்து பெட்டி பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். அதற்கு மேல் அவர் தன் வழக்கப்படி பெயரையும் செல் நம்பரையும் போட்டுவிட்டு வண்டியை எடுத்திருந்தார். நான் கோயம்புத்தூரில் இருந்தேன். கால் மணி நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் வந்தது: "கேபிள்காரர் இப்பத்தான் போனாரு. செல்லுல பழைய பேரு வந்துருச்சாட்ட இருக்குது கண்ணு, நீ எப்ப வர்றே?"