ஃபிக்ஸிக்கு ஹேண்டில்பார்: அகலமும் வளைவும்

பல கியர் உள்ள சைக்கிளில் ஹேண்டில்பார் திருப்புவதற்கும் கையை ஊன்றிக்கொள்வதற்கும்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. ஃபிக்ஸி எனப்படும் ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் ஓயாமல் சுழல்வதால், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போதும், சரிவில் மேலெழும் பெடலை எதிர்த்து அழுத்தி வேகத்தை அடக்கும்போதும், காலின் விசைக்கு ஈடாகக் கை பாரை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தோளின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு அகலத்தை முடிவு செய்வது போதாது. நாம் அன்றாடம் ஓட்டும் சாலையில் நம் கால் என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் அக்காள் மகன் அண்மையில் ஒரு பழைய ஸ்டீல் ஃபிரேமைத் தேடிப் பிடித்து ஃபிக்ஸியாக மாற்றிக்கொண்டிருக்கிறான். "மாமா, படத்துலே எல்லாரும் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிப் போட்டிருக்காங்களே, நானும் அப்படியே வெட்டிடவா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

டர்பனில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. புளூ லகூனிலிருந்து துறைமுக முகத்துவாரம் வரை ஏறக்குறைய 8 கி.மீ. நீளத்துக்குக் கடற்கரை நடைபாதை மட்டமாகக் கிடக்கிறது. அங்கே எந்த பாரைப் போட்டாலும் ஓட்டிவிடலாம். நடப்பவர்களும் குழந்தைகளும் குறுக்கே வருவதால் மெதுவாக வளைந்து செல்லும் வசதி இருந்தால் போதும். அதே சைக்கிளில் நகரிலிருந்து பெரீயா மேட்டின் மீது ஏறினாலோ, சாட்ஸ்வொர்த்தின் மேடு பள்ளங்களில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போனாலோ கதையே மாறிவிடும். முன்னே 46 பல்லும் பின்னே 17 பல்லும் உள்ள பற்சக்கரங்களை வைத்திருக்கும் சைக்கிள், சக்கரச் சுற்றளவை 2.1 மீட்டர் என்று கொண்டால், பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.7 மீட்டர் நகரும். இறக்கத்தில் அது 40 கி.மீ. வேகத்தைத் தொட்டால், கால்கள் நிமிடத்துக்கு 117 சுற்று சுழன்றாக வேண்டும். அந்த வேகச் சுழற்சியில் இடுப்பு ஆடும். இடுப்பின் ஆட்டம் தோள் வழியாகக் கைக்கு வரும். கை குறுகிய பாரைப் பிடித்திருந்தால் முன்சக்கரம் அந்த ஆட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

இதன் கணக்கு எளியது. 600 மி.மீ. அகல பாரில் ஒவ்வொரு கையும் நடுவிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்கிறது, 400 மி.மீ. பாரில் 200 மி.மீ. மட்டுமே. அதே அளவு திருப்புவிசை வேண்டுமென்றால் குறுகிய பாரில் கை ஒன்றரை மடங்கு அழுத்த வேண்டும். கை சற்றே நகர்ந்தாலும் சக்கரம் ஒன்றரை மடங்கு கூடுதலாகத் திரும்பிவிடும். பந்தயத் தளத்துக்கென்று செய்யப்பட்ட ஃபிரேம்களில் முன் குழாய் நெட்டுக்குத்தாக இருப்பதால் அவை இயல்பிலேயே சட்டென்று திரும்பும். அவற்றின் மேல் மிகக் குறுகிய பாரை வைத்து, குழி விழுந்த சாலையில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்றத்திலும் இதே நெம்புகோல் கணக்குதான். பெடலின் நடுப்பகுதி சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 12 செ.மீ. தள்ளியிருக்கிறது. எழுந்து நின்று வலது பெடலில் உடம்பின் எடை முழுவதையும் இறக்கும்போது சைக்கிள் வலப்பக்கம் சாயப் பார்க்கிறது. அதைத் தடுக்க வலது கை பாரை மேல்நோக்கி இழுக்கிறது. பார் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் கையின் சுமை குறையும். கியர் மாற்ற வழியில்லாத சைக்கிளில், ஏற்றம் கடினமாகும் இடத்தில் நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உதவி இதுதான். சறுக்கி நிறுத்துவதற்கும் இது பொருந்தும். உடம்பை முன்னே கொண்டுபோய்ப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, கால்களைப் பூட்டினாற்போல் நிறுத்தும்போது பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கும். அதைத் திருத்திக்கொள்ள அகன்ற பார் அவகாசம் தருகிறது. எந்த பாராக இருந்தாலும் முன் பிரேக் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கால் வலு இருக்கிறது என்று பிரேக்கைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

அப்படியானால் குறுகிய பாருக்கு நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. நெரிசலில் மினிபஸ் டாக்சிகளுக்கும் நின்றிருக்கும் கார்களுக்கும் இடையே நுழைய வேண்டியவருக்குப் பாரின் நுனிதான் சைக்கிளிலேயே அகலமான பகுதி. அது கண்ணாடியில் தட்டினால் சக்கரம் திரும்பி ஆளைத் தள்ளிவிடும். குறுக்கினால் காற்றின் தடையும் குறையும். பந்தயத் தளத்தில் போட்டியாளர்கள் இதை எல்லை வரை கொண்டுபோயிருக்கிறார்கள்; கூட்டாகத் தொடங்கும் பந்தயங்களில் பாரின் அகலம் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 350 மி.மீட்டருக்குக் குறையக்கூடாது என்று உலக சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ வகுத்த விதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. மட்டமான, வழவழப்பான தளத்தில், எதிரே வண்டி வராத இடத்தில் ஓட்டுபவர்களுக்கே அப்படியொரு எல்லை தேவைப்பட்டிருக்கிறது என்பதைத் தெருவில் ஓட்டுபவர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

இனி வடிவம். டிராப் பார் என்பது நுனிகள் கீழ்நோக்கி வளைந்த பார். பந்தயத் தளத்து டிராப் பார், பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மிலிருந்து வெளிவந்ததுமே கீழ்நோக்கிச் சரியத் தொடங்கிவிடும். கையைக் கீழ்வளைவில் வைத்துக்கொண்டு முழு வேகத்தில் மிதிப்பதற்காகச் செய்யப்பட்ட வடிவம் அது. ஜப்பானில் 1948இல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் இன்றும் அதைக் காணலாம். பார்க்க அழகானது, கிங்ஸ் பார்க் அருகிலுள்ள நம் பந்தயத் தளத்துக்கு அதுவே பொருத்தம். தெருவில், கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்க வேண்டிய நேரத்தில் மேல்பகுதியில் கை வைக்கச் சரியான இடம் இல்லாமல் ஸ்டெம்மை ஒட்டிப் பிடிக்க நேர்கிறது. அங்கே திருப்புபிடி மிகக் குறைவு. டிராப்தான் வேண்டும் என்பவர்கள் சாலை சைக்கிளின் டிராப் பாரைப் போட்டு, அதற்குரிய பிரேக் லிவரையும் பொருத்தினால், லிவரின் மேற்பகுதி கைக்கு ஒரு நல்ல இருக்கையாக அமையும்.

புல்ஹார்ன் எனக்கு மிகவும் பிடித்த வடிவம். நுனிகள் முன்னோக்கி நீண்டிருப்பதால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இயல்பாக அமைகின்றன. ஏற்றத்தில் நுனியைப் பிடித்து இழுக்கலாம், நம் கடற்கரையில் வடகிழக்குக் காற்றோ தென்மேற்குக் காற்றோ எதிர்த்து வீசும்போது முழங்கையை மடக்கித் தாழ்ந்துகொள்ளலாம். ஆனால் சாதாரண சாலை லிவர் நுனியில் அவ்வளவு சரியாக அமையாது. பாரின் துளைக்குள் செருகும் வகை லிவரை வாங்குவது நல்லது. பிரேக் லிவர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டுமானால், மேல்பகுதியில் இன்னொரு சிறு லிவரும் வைத்துக்கொள்வது நலம்.

தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்பவர்களுக்கு, குறிப்பாக முதல் ஃபிக்ஸி வாங்குபவர்களுக்கு, நடுவிலிருந்து இருபுறமும் சற்று மேலெழும் ரைசர் பாரையே சொல்வேன். கை சற்று உயர்ந்திருக்கும். மணிக்கட்டு பின்வளைவுக்கு ஏற்ப இயல்பாக நிற்கும். பிரேக் விரலடியிலேயே இருக்கும். மிகக் குறுக்கி வெட்டிவிட்டால் மட்டும், எழுந்து மிதிக்கும்போது முழங்கால் கிரிப்பில் (கைப்பிடி உறையில்) இடிக்கும்.

அளவெடுக்க அக்காள் தையல் நாடாவை எடுத்து வந்தாள். மகனைச் சுவரோடு நிற்க வைத்து, தோளின் மேல் விரலை ஓட்டி, எலும்பு முடிந்து சதை தொடங்கும் நுனியை இருபுறமும் கண்டுபிடித்து, ரவிக்கைக்கு அளவெடுப்பது போலவே நாடாவை இறுக்காமல் பிடித்தாள்: 41 செ.மீ. வந்தது. டிராப் பாருக்கு இந்த அளவையே தொடக்கமாகக் கொள்ளலாம். ரைசருக்கு இதைவிட 12 முதல் 18 செ.மீ. கூடுதலாக வைத்துத் தொடங்கும்படி சொன்னேன். கடையில் வாங்கும்போது, அட்டையில் எழுதியிருக்கும் எண் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கா, வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டிராப் பாரில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 24 மி.மீ. வேறுபாடு உண்டு. தயாரிப்பாளர்கள் எல்லாரும் ஒரே முறையில் அளப்பதில்லை.

வெட்டுவதற்கு அவசரப்படவே கூடாது. முதலில் கிரிப்பையும் லிவரையும் ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. உள்ளே தள்ளி, குழாயின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதே நிலையில் சில வாரங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். போதாது என்று பட்டால் இன்னும் ஒரு செ.மீ. தள்ளலாம். பழகிய ஏற்றத்திலும் பழகிய இறக்கத்திலும் கை எங்கே நிம்மதியாக இருக்கிறது என்பது தெரிந்த பிறகு வெட்டினால் போதும். அகலத்தைக் கணிசமாக மாற்றினால் ஸ்டெம்மின் நீளத்தையும் பார்க்க வேண்டும்; கைகள் விரிய விரிய மார்பு முன்னே இறங்கும் என்பதால், அகன்ற பாருக்குச் சற்றுக் குட்டையான ஸ்டெம் ஒத்துவரும்.

வாங்குமுன் குழாயின் விட்டத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் 25.4, 26.0, 31.8 மி.மீ. என்ற மூன்று அளவுகள் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. 26.0 ஸ்டெம்மில் 25.4 பார் இறுகியது போலத் தோன்றினாலும் பாரம் ஏறும்போது சுழன்றுவிடும். கை பிடிக்கும் இடத்தில் ரைசருக்கு 22.2 மி.மீ., டிராப்புக்கு 23.8 மி.மீ.; ஒன்றின் லிவர் மற்றொன்றில் பொருந்தாது. கடற்காற்றின் உப்பு ஸ்டெம் போல்ட்டுகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால் மரையில் கிரீஸ் தடவியே முடுக்க வேண்டும். வெட்டிய நுனியை அரத்தால் வழித்து, இரண்டு பக்கமும் மூடியைச் செருகாமல் சைக்கிளைத் தெருவில் இறக்காதீர்கள். விழுந்தால் திறந்த குழாய்முனை வயிற்றிலோ தொடையிலோ ஆழமாகக் குத்திவிடும்.