மோகனம் பொருந்தியது, மல்லாரி பேசவைத்தது

ஊரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து சிங்கப்பூர்க் கோயில்களில் நாதஸ்வரம் வாசிக்கும் எங்களுக்கு வேலையின் ஒழுங்கு மாறுவதில்லை. விடியலில் பூபாளம், சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி. மாறுவது எதிரே நிற்கும் முகங்கள்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1870இல் எழுந்த ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் 1884இல் எழுந்த குவான் இம் என்னும் சீனக் கோயிலும் அருகருகே இருக்கின்றன. அங்கே வேண்டிக்கொண்ட கையோடு சீனர்கள் இங்கும் வந்து, வாசலில் ஊதுபத்தி ஏற்றிக் கண்ணனைக் கும்பிடுகிறார்கள். ஒரு விழாவுக்குக் கிருஷ்ணன் கோயிலில் வாசிக்கப் போனபோது முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். சீனக் கோயில் சடங்குகளில் சுவோனா ஊதுபவர். பூசை முடியும்வரை காத்திருந்துவிட்டு நேரே வந்து, என் சீவாளியை, அதாவது குழலின் வாயில் செருகி ஊதும் நாணல் பட்டையை, காட்டச் சொன்னார்.

சுவோனாவும் சீவாளி வைத்து ஊதும் கருவிதான். கூம்பிய மரக்குழல், அடியில் பித்தளை வாய். நாதஸ்வரத்தைவிடச் சிறியது, குரல் கூர்மையானது. மூக்கால் மூச்சை இழுத்தபடியே இடைவெளியில்லாமல் ஊதிக் காட்டினார். என் சீவாளியை வெளிச்சத்தில் பிடித்து, அது சீவப்பட்டிருக்கும் விதத்தை வெகுநேரம் பார்த்தார். இங்கேயே நெடுங்காலம் இருக்கும் எங்கள் தவில்கார அண்ணன் மலாயில் பேசி இருவருக்கும் இடையே நின்றார்.

நான் மோகன ராகம் எடுத்தேன். ஸ ரி க ப த என்ற அந்த ஐந்து சுரங்கள் சீன இசைக்கும் அடித்தளம். அவர் உடனே சேர்ந்துகொண்டார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், எனக்கும் பெருமகிழ்ச்சி. ஆனால் என் மனத்தில் ஊன்றியது அதன்பிறகு நடந்த பேச்சு. மல்லாரியைக் கேட்டதும், "இதை எப்போது வாசிப்பீர்கள்? யாருக்காக?" என்றார். எந்த ரசிகரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சுவாமி வெளியே எழுந்தருளும்போது என்றேன். தாம் தெய்வத்துக்கும் கல்யாணத்துக்கும் ஊதும் அதே சுவோனாவை, இறந்தவரை வழியனுப்பவும் ஊதுவதாகச் சொன்னார். துக்க வீட்டுக்கு நாதஸ்வரத்தைக் கொண்டுபோகாத வழக்கத்தில் வளர்ந்தவன் நான். மனம் சட்டென்று ஒப்பவில்லை. "போகிறவருக்கு வழி தெரிய வேண்டுமே" என்றார் அவர்.

கலப்பிசை மேடைகளில் இரண்டு மரபுகள் பொருந்தும் இடத்தையே தேடுகிறார்கள். அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பொருந்தாத இடத்தில்தான் ஒருவருடைய வழிபாடு கண்ணுக்குத் தெரிகிறது என்று உறுதியாக நம்புகிறேன். நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924–1999) திருவரங்கத்தில் குடியேறி, தியாகராஜர் கீர்த்தனைகளை உருகி உருகி வாசித்தவர். கடைசிவரை இஸ்லாமியராகவே வாழ்ந்தவர். ஒன்றுக்காக இன்னொன்றைக் கரைத்துவிடாத அந்த நிலையை என் ஆசிரியர் வியந்து பேசுவார். அதன் முழுப் பொருளும் எனக்கு இந்த ஊரில்தான் புரிந்தது.

பிறகு அந்தச் சுவோனா முதியவருடைய கோயில் ஊர்வலத்துக்குப் போனேன். நாதஸ்வரத்தை எடுத்துப் போகவில்லை. எந்த இடத்தில் எந்த மெட்டு, எப்போது ஊதாமல் நிற்கிறார் என்று கேட்டுக்கொண்டே கூட்டத்தோடு நடந்தேன். எங்கள் கோயில் திருவிழாவில் அவரும் அப்படியே வந்து நின்றார். அடுத்த விடுப்பில் ஊருக்குப் போகும்போது அவருக்கும் சேர்த்துச் சீவாளி வாங்கிவர வேண்டும். சுவோனாவில் அது பொருந்தாது என்று இருவருக்குமே தெரியும். பிரித்துப் பார்க்க ஒன்று வேண்டும் என்கிறார்.