வாக்கெடுப்பில் வென்றும் நிற்காத போர்

யேமன் போரில் சவூதி கூட்டணிக்கு அமெரிக்கா கைகொடுப்பதை நிறுத்தச் சொல்லி 2019 மார்ச்சில் செனட் 54-46 என்று வாக்களித்தது. ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையும் 247-175 என்று ஒப்புக்கொண்டது. டிரம்ப் தமது வீட்டோ அதிகாரத்தால் அதைத் தள்ளிவிட்டார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மே மாதம் செனட்டில் கிடைத்தவை 53 வாக்குகள். அதோடு சரி. நினைத்தாலே வயிறு எரிகிறது. பெரும்பான்மை இருந்தும் அங்கே பட்டினி கிடந்த குழந்தைகளுக்கு என்ன பயன்?

ஆனால் நின்ற போரும் ஒன்று உண்டு. என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) போனவர். புதுச்சேரியில் அப்படிப் பல குடும்பங்கள் உண்டு. அவருடைய பதக்கம் எங்கள் அலமாரியில் இருக்கிறது. நாடா வெளுத்து, ஊசியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. 1954 ஜூனில் பிரான்சின் பிரதமராகப் பொறுப்பேற்ற மெண்டெஸ் பிரான்ஸ் பாரிஸ் நாடாளுமன்றத்தில் தமக்குத் தாமே கெடு வைத்தார்: ஜூலை 20-க்குள் போர்நிறுத்தம் வராவிட்டால் பதவி விலகுவேன் என்று. அடுத்த மாதமே ஜெனீவாவில் கையெழுத்தானது. தாத்தா உயிரோடு ஊர் திரும்பினார்.