ரெண்டு சிம் இருக்கு, கேபிள் ஒண்ணுதான்

நேத்து ராத்திரி அக்கா பையன் சென்னை ஹாஸ்டல்ல இருந்து வீடியோ கால் போட்டான், அம்மா "என்னடா இப்படி இளைச்சுட்ட"ன்னு கேட்டாங்க, அவன் சிரிச்சது உடனே கேட்டுச்சு. போர்ட் பிளேர்ல இருக்குறவங்களுக்கு அந்த "உடனே" எவ்ளோ பெரிய விஷயம்னு மெயின்லேண்ட்காரங்களுக்குப் புரியாது. (ஊர் பேரை 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, வாயில இன்னும் பிளேர்தான் வருது.)

முன்னாடி எல்லாம் சாட்டிலைட்தான். நாம பேசுறது 36,000 கிலோமீட்டர் மேல ஏறி திரும்ப இறங்கணும், பதிலும் அதே வழியா வரணும், அதனால ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "ஹலோ ஹலோ"ன்னு கத்தி, அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்தி, அப்படியே காசு போயிடும். இருந்த கொஞ்ச பேண்ட்வித்தை, அதாவது ஒரே நேரத்துல டேட்டா போற கொள்ளளவை, ஊரே பங்கு போட்டுக்கணும். எனக்கு காலேஜ் அப்ளிகேஷன் போட ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சேன், அப்பதான் பேஜ் முழுசா திறக்கும். பெரிய ஃபைல்னா பென் டிரைவ்ல போட்டு, ஃபிளைட்ல போற யாராவது தெரிஞ்சவங்க கையில குடுத்து விடுறதுதான், நெட்டை விட அது சீக்கிரம் போய்ச் சேரும்.

2018 டிசம்பர் 30-ல அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10-ல சென்னை - அந்தமான் கடலடி கேபிளைத் திறந்தாங்க. சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். பிளேர் வரைக்கும் 200 ஜிபிபிஎஸ் (செகண்டுக்கு 200 கிகாபிட் டேட்டா போற வேகம்) லைன் ரெண்டு, அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார்னு மத்த தீவுகளுக்கு 100 ஜிபிபிஎஸ் லைன் ரெண்டு. நீல் தீவு அந்த லிஸ்ட்லயே இல்ல.

அதே ஆகஸ்ட்லயே ஏர்டெல் வேகமான 4ஜி ஆரம்பிச்சுது, ஜியோவும் வந்துச்சு, பிஎஸ்என்எல் ஃபைபரும் தெருவுக்குள்ள வந்துச்சு. ஆஹா போட்டி வந்துருச்சு, இனிமே ராஜா நாமதான்னு நினைச்சேன், நானும் ரெண்டு கம்பெனி சிம் வாங்கி வச்சுக்கிட்டேன், ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குமேன்னு.

ஒரு நாள் சாயங்காலம் ரெண்டும் சேர்ந்தே படுத்துருச்சு. அபர்தீன் பஜார்ல மளிகைக்கடை அண்ணன்கிட்ட ஜிபே பண்ண போனை நீட்டிக்கிட்டு நிக்கிறேன், சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. "தம்பி, மேல ஒட்டியிருக்குற பேருதான் வேற வேற, கடலுக்கு அடியில வர்ற கம்பி எல்லாருக்கும் ஒண்ணுதானே, கணக்குல எழுதிட்டுப் போ"ன்னாரு. அவரு சொன்னது சரிதான். எந்த கம்பெனி ஆனாலும் பெரும்பாலும் அந்த ஒரே கேபிள்ல இடம் வாங்கித்தான் ஓட்டணும், நம்ம போட்டி எல்லாம் கரைக்கு வந்த பிறகுதான்.

ரெண்டாவது கேபிளை ஏன் எந்த கம்பெனியும் சொந்தக் காசுல போடலன்னு கணக்கு போட்டுப் பார்த்தேன். 2011 சென்சஸ்படி அந்தமான் நிகோபார் மொத்தமா 3.8 லட்சம் பேரு. 1,224 கோடியை வகுத்தா தலைக்கு 32,000 ரூபாய்க்கு மேல வருது, கைக்குழந்தையும் சேர்த்து. மாசம் சில நூறு ரூபாய் ரீசார்ஜ்ல அதை எப்ப எடுக்குறது? அதனாலதான் இது, லாபம் வராத ஊர்களுக்கும் போன் வசதி கொண்டு போக அரசாங்கம் டெலிகாம் கம்பெனிங்ககிட்ட வசூல் பண்ண யுஎஸ்ஓ ஃபண்டுல வந்துச்சு. லட்சத்தீவுக்கு கொச்சியில இருந்து போட்டு 2024 ஜனவரில திறந்த கேபிளும் அதே ஃபண்டுதான். சந்தையை நம்பியிருந்தா நாங்க இன்னும் பென் டிரைவ்தான் குடுத்து விட்டுட்டு இருப்போம், இதைச் சொன்னா சில ஃப்ரெண்ட்ஸுக்கு கோவம் வருது, வரட்டும்.

பிளேர்ல உக்காந்துக்கிட்டு எந்த பிளான் நல்லதுன்னு சண்டை போடுறது ஒரு சுகம்தான், ஒத்துக்கிறேன். லிட்டில் அந்தமான் தீவுல ஹட் பேல இருக்குற சித்தப்பாகிட்ட போன மாசம் "எந்த சிம் நல்லா எடுக்குது சித்தப்பா"ன்னு கேட்டேன். "எங்க வீட்டு மாடியில ஒண்ணு எடுக்கும், தோட்டத்துல அதுவும் எடுக்காதுப்பா, நீ வரும்போது அந்த கிரிக்கெட் மேட்ச்சை டவுன்லோட் பண்ணிட்டு வந்துரு"ன்னாரு. நாளைக்கு காலையில கப்பல், மேட்ச் இப்ப இறங்கிட்டு இருக்கு.