வரைபடத்தின் ஓடைக்கோடுகளை எவ்வளவு நம்புவது?

அமெரிக்காவின் மொன்டானாவில் குரோ பழங்குடி மக்களின் நிலத்தைக் காட்டும் பழைய நிலவரைபடத்தை விரித்தால் கண் முதலில் நீலக் கோடுகளில்தான் நிற்கும்: லிட்டில் பிக்ஹார்ன், பிரையர் ஓடை, லாட்ஜ் கிராஸ் ஓடை. வரைபடத்தில் அதிகம் சந்தேகிக்க வேண்டியவையும் அவையே.

அவற்றை அளந்த விதம் இது: முக்காலியில் பிளேன் டேபிள் என்ற வரைபலகை, அதன்மேல் அலிடேட் என்ற தொலைநோக்கி பொருத்திய அளவுகோல், எதிரே அளவுக்கோல் பிடித்த ஆள். தொலைநோக்கிக்குள் தெரியும் மேல், கீழ் இழைகளுக்கு இடையே கோலில் 3.2 அடி தெரிந்தால் தொலைவு அதன் நூறு மடங்கு, 320 அடி. இது சமதளப் பார்வைக்கு மட்டும். 10 பாகைச் சரிவில் கிடைத்தொலைவு 310 அடிதான். உயர வேறுபாடு சுமார் 55 அடி. இந்தத் திருத்தத்தை மறந்தால் பள்ளத்தாக்கு அகன்றுவிடும். கோடை மதியத்தில் தரையை ஒட்டிய காற்று அலைவதால் கீழ் இழையின் வாசிப்பு கெடும். காலைப் பார்வைகளே நம்பத்தக்கவை.

அளந்தவை சில புள்ளிகளே. ஓடை சேருமிடம், வளைவின் முனை, குன்றின் உச்சி. இடைப்பட்டதைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார்கள். 1:1,25,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் 125 மீட்டர்; 50 மீட்டர் வளைவெல்லாம் ஒரே கோட்டில் மறைந்துவிடும். ஆகவே ஓடையின் நீளத்தை அந்தத் தாளில் அளந்தால் குறைத்தே காட்டும். சமவுயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும்போது அவற்றின் V முனை நீர் வரும் திசையை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். நீலக்கோடு அந்த முனையை விட்டு விலகியிருந்தால் இரண்டில் ஒன்று தவறு.

இன்றைய படத்தின்மேல் பொருத்தும்போது ஓடைச் சந்திகளைப் பிடிக்காதீர்கள். வெள்ளத்தில் அவை நகரும். மலை உச்சிகளும், நில அளவையில் ஒரு மைல் சதுரமாகப் பிரித்த பிரிவுகளின் மூலைக்கற்களும் பரவாயில்லை. குறைந்தது ஆறு புள்ளிகள், தாளின் ஓரங்களிலும் பரவியவையாக. காகிதம் இழுபட்டிருக்கும், அதுவும் இரு திசைகளில் ஒரே அளவில் அல்ல.

பெயர்களும் அப்படித்தான். குரோ மொழியில் கொழுப்பையும் கூடாரத்தையும் குறிக்கும் சொற்கள் ஒலியில் நெருங்கியவை. மொழிபெயர்ப்பில் குழம்பி, செழும்புல் நிலம் 'லாட்ஜ் கிராஸ்' ஆயிற்று என்பார்கள்.

எல்லைக்கோட்டில் பிழை வந்தால் விளைவு வேறு. அமெரிக்க அரசுடன் குரோ மக்கள் செய்த 1868 உடன்படிக்கை அவர்கள் நிலத்தின் கிழக்கெல்லையை 107ஆவது தீர்க்கரேகை என்றது. தீர்க்கரேகையை நேர வேறுபாட்டைக் கொண்டு கணித்தால், அப்பகுதியின் அட்சரேகையில் கடிகாரத்தின் ஒரு விநாடிப் பிழை தரையில் சுமார் 325 மீட்டர். 1891இல் அளந்த கோடு ரேகையில் அமையவில்லை. 36,000 ஏக்கருக்கு மேல் குரோ நிலத்துக்கு வெளியே போனது. தீர்வுச் சட்டம் வந்தது 1994இல்.