செஸ்தியுஸ் பிரமிடு: ஒருவழியாக மூலை ஒட்டிவிட்டது

ரோமில் இருக்கும் பழைய கல்லறையான செஸ்தியுஸ் பிரமிடை ஃபோம் போர்டில் சின்ன மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். மூன்றாவது முயற்சியில் நான்கு மூலையும் பிளக்காமல் நின்றுவிட்டன. நேற்று ராத்திரி ரப்பர் பேண்டைக் கழற்றும்போது கை நடுங்கியது.

அளவு 1:100. அசலின் அடிப்பக்கம் 29.6 மீட்டர், உயரம் ஏறக்குறைய 37 மீட்டர். எனக்கு அதுவே சென்டிமீட்டர். கீசா பிரமிடின் சாய்வு 52 டிகிரிக்குப் பக்கம், இது 68. சீவிய பென்சில் மாதிரி நிற்கும்.

தகராறெல்லாம் மூலையில்தான். ஃபோம் போர்டு ஓரத்தை 45 டிகிரி சாய்த்து வெட்டியே பழகிய கை. பெட்டிக்கு அது சரி. இங்கே இரண்டு பக்கங்கள் சேரும் கோணம் 90 இல்லை, 98. அதில் பாதி 49; ஆக, பிளேடு நேர் நிலையிலிருந்து 90-49, அதாவது 41 டிகிரிதான் சாய வேண்டும். நாலு டிகிரிதானே என்று இரண்டு முறை அலட்சியம் செய்தேன். வெளியே விளிம்பு அழகாகச் சேர்ந்தது. உள்ளே ஆப்பு வடிவத்தில் இடைவெளி. பசை பிடிக்கக் கிடைத்தது ஒரு கோடு மட்டுமே. காய்ந்ததும் பட்டென்று விட்டது.

கடைசியில் தெரிந்த தச்சரிடம் ஒரு மரக்கட்டையைச் சாய்வாக இழைத்து வாங்கினேன்: 10 செ.மீ. உயரத்துக்கு 8.7 செ.மீ. சாய்வு. கட்டரை அதன்மேல் படுக்க வைத்து இழுத்தால் போதும். கூலியை விட அவர் குடித்த டீ அதிகம். போர்டு வாங்கும் கடையைத்தான் மாற்ற வேண்டும்; 5 மி.மீ. என்று கொடுத்ததில் பாதி நாலரைதான்.

உள்ளே 6-க்கு 4 செ.மீ.யில் கல்லறை அறையும் வைத்திருக்கிறேன். இனி யாரும் பார்க்க முடியாது. அசலையும் அடக்கம் முடிந்ததும் அடைத்துத்தான் வைத்தார்கள்.

இதில் அடக்கமான செஸ்தியுஸ் பழைய ரோமில் பிரீட்டர் (நீதி நிர்வாக உயர் அதிகாரி), மக்கள் டிரிபியூன் (பொதுமக்களின் பிரதிநிதி), தெய்வ விருந்துகளை நடத்தும் எழுவர் குழுவில் ஒருவர். இத்தனை பதவி இருந்தும் மனிதர் நினைவில் நிற்பது இந்தக் கல்லறையால்தான். உயில்படி வேலை 330 நாளில் முடிந்ததாகக் கிழக்குப் பக்கக் கல்வெட்டே பெருமை பேசுகிறது. எனக்கு மூலைக்கே ஐந்து ஞாயிறு போயிற்று.

பளிங்குப் பலகைக் கோடுகள் ஒரு பக்கம்தான் போட்டிருக்கிறேன். அதற்குள் மனசு மதிலுக்குத் தாவிவிட்டது. கி.பி. 271-275-இல் ரோமப் பேரரசர் அவுரேலியன் கட்டிய நகர மதில், பிரமிடைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. செங்கல் வரிக்கு உப்புத்தாளில் கீறிப் பார்த்தேன், அசல் மாதிரியே விழுகிறது. நாளை இன்னும் நாலு தாள் வாங்க வேண்டும்.