பதினைந்தாவது எழுத்தில் அறுந்த பெயர்

எங்கள் சர்வர்களுக்கு, எனக்கு முன்பிருந்தவர்கள் ஆறுகளின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள் இருந்தவரை காவிரியும் வைகையும் போதுமானவையாக இருந்தன. விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாகும் கணினிகள்) நூற்றைத் தாண்டிய பிறகு, ஓரிரவு, மணிமுத்தாறு சோதனைச் சர்வர்தான் என்று நம்பி நான் ரீஸ்டார்ட் செய்ய, அதில் சம்பளக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே புதிய பெயரிடும் முறையை வகுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் வகுத்த முறை, தாளில் அழகாகவே இருந்தது. சென்னைக்கு விமான நிலையக் குறியீடான எம்ஏஏ, அடுத்து நான்கெழுத்தில் சூழல் (சோதனையா, நேரடிப் பயன்பாடா என்பது), மூன்றெழுத்தில் துறை, விண்டோஸ் 2019 என்பதற்கு டபிள்யூ19, கடைசியில் இரண்டிலக்க வரிசை எண். இடையிடையே உள்ள கோடுகளையும் சேர்த்தால் மொத்தம் 19 எழுத்துகள். ஒப்புதல் ஒரே கூட்டத்தில் கிடைத்துவிட்டது.

கணினிப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஒரு பெயர்த்துண்டுக்கு (புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு) 63 எழுத்துகள் வரை இடம் தருகிறது என்பதை மட்டும் பார்த்த நான், விண்டோஸ் வலையமைப்பின் பழைய நெட்பயாஸ் பெயர் 15 எழுத்துகளோடு நின்றுவிடும் என்பதை மறந்துபோனேன். கையால் பெயர் மாற்றியிருந்தால் விண்டோஸ் எச்சரித்திருக்கும்; நானோ எந்த உறுதிப்படுத்தலும் கேட்காதபடி எழுதிய ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். டபிள்யூ19 என்பதில் டபிள்யூ1 வரை மட்டுமே மிஞ்ச, வரிசை எண் முழுவதுமாக வெட்டுப்பட்டது. நிதித்துறையின் இரண்டாவது சர்வர் டொமைனில் (நிறுவனக் கணினிகளின் பொதுக் குழுமத்தில்) சேர்ந்தபோது, வெட்டுப்பட்ட பெயர் ஒன்றே என்பதால், முதல் சர்வரின் கணக்கையே எடுத்துக்கொண்டது; இரண்டையும் சேர்த்தது ஒரே நிர்வாகக் கணக்கு என்பதால் டொமைன் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி மறுக்கவும் இல்லை. சற்று நேரத்தில் முதல் சர்வருக்கும் டொமைனுக்கும் இருந்த நம்பிக்கை உறவு முறிந்து, யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. டொமைன் இல்லாமலே நுழைய உதவும் அதன் உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தேடியெடுக்கவே ஒரு மாலை போயிற்று. பெயர் மாற்றும் நாளுக்கு முன்பே அந்தக் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

லினக்ஸ் பக்கத்தில் வேறொரு தொல்லை. மென்பொருள் குழுவினர் கோட்டுக்குப் பதிலாக அடிக்கோடு போட்டுவிட்டார்கள். பிங் (இணைப்புச் சோதனை) சென்றது, பிரவுசரும் திறந்தது. ஜாவா செயலி மட்டும் முகவரியில் ஹோஸ்ட் பெயரே (கணினியின் பெயரே) இல்லை என்று சாதித்தது. ஹோஸ்ட் பெயரில் எழுத்து, எண், கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே இடமுண்டு என்ற பழைய விதியை ஜாவா விடாமல் கடைப்பிடிக்கிறது என்பது அரைநாள் வீணான பிறகே புரிந்தது.

இவற்றைவிட என்னை உறுத்தியது, பெயரிலேயே பொய் ஏறிக்கொண்டதுதான். பேரிடர் ஒத்திகைக்காக மும்பைக்குச் சென்ற சில சர்வர்கள் அங்கேயே தங்கிவிட்டன, பெயரில் சென்னையைச் சுமந்தபடி. 2022 பதிப்புக்கு மேம்படுத்தியவை இன்னும் 19 என்றே சொல்லிக்கொண்டிருந்தன. ஆகவே இரண்டாம் முறை, மாறக்கூடிய எதையும் பெயரில் வைக்கவில்லை: சூழலுக்கு ஓரெழுத்து, துறைக்கு மூன்று, பணிக்கு இரண்டு, ஒரு கோடு, மூன்றிலக்க எண், மொத்தம் 10. இடமும் இயங்குதளமும் விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் விசென்டரில் டேக்குகளாகப் போய்விட்டன. செயலிகள் சர்வர் பெயரை நேரடியாக அழைக்காமல் சிநேம் என்ற டிஎன்எஸ் மாற்றுப் பெயர் வழியாகவே வருகின்றன. அந்த மாற்றுப் பெயரைச் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழிலும் சேர்க்க மறந்தால் பிரவுசர் எச்சரிக்கையைக் காட்டிப் பயனர்களைக் கலவரப்படுத்தும்.

விசென்டரில் பெயரை மாற்றினாலும் டேட்டாஸ்டோரில் (மெஷின்களின் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடத்தில்) உள்ள ஃபோல்டர் பழைய பெயரிலேயே இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். பயனற்ற பழைய ஃபோல்டர் என்று எண்ணி ஒன்றை அழிக்கப் போய், கடைசி நொடியில் கையை எடுத்தேன். ஸ்டோரேஜ் விமோஷன் மூலம் வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்திய பிறகே கோப்புகளின் பெயர்களும் மாறின.

தாமிரபரணியை மட்டும் என்னால் மாற்ற இயலவில்லை. அதிலுள்ள கணக்கு மென்பொருளின் உரிமம் ஹோஸ்ட் பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. புதிய உரிமக் கோப்புக்கு விற்பனையாளர் கேட்ட கட்டணத்தை நிதித்துறை ஏற்கவில்லை.